மூன்று நாள் விடுப்பில் எங்கே உட்காருவது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் ஐந்து ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்தன: மலைநாட்டில் விலங்குகளைக் கண்டு படமெடுப்பதற்காகக் காத்திருக்கும் இடத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது. அவற்றுக்கு மட்டுமே இந்தப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மருமகன் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கிறார். ஆண்டுதோறும் நவம்பரில் மூன்று நாள் விடுப்பெடுத்து, உரிய அனுமதிப்பத்திரத்துடன் வில்லும் அம்பும் கொண்டு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போவது அவருடைய வழக்கம். உட்காரும் இடத்தைத் தேடுவதற்கே பாதி நேரம் செலவாகும் என்று சொல்கிறார். எனக்கு வேட்டையில் நாட்டமில்லை. நல்ல கமரா ஒன்று இருக்கிறது. பெப்ரவரியில் எனக்கும் மூன்று நாள் விடுப்புக் கிடைக்கும். எங்கள் தோட்டத்தின் மேல்மலைக் காட்டோரத்தில் மரைகள் இறங்குவதாகக் கொழுந்து பறிப்பவர்கள் சொல்கிறார்கள். மருமகனுடைய முறை இங்கே உதவுமா? நான் எங்கே உட்கார வேண்டும்?
– வாசகர், ஹட்டன்

பதில்: முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தைப் படிக்கும் இளைஞர் எவரும் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. மரை, கேளையாடு, சருகுமான், சிறுத்தை ஆகியவற்றை நம் நாட்டில் வேட்டையாடுவது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். வில்லால் எய்தாலும், துவக்கால் சுட்டாலும், கம்பிச் சுருக்கு வைத்தாலும் அது குற்றமே. ஒன்ராறியோவில் வேட்டைக்குக் காலமும் நேரமும் எண்ணிக்கையும் வகுத்து அனுமதி கொடுக்கிறார்கள். அது அந்நாட்டு ஏற்பாடு. நீங்கள் கமராவைக் கையில் எடுத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆனால் உங்கள் மருமகனிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. துவக்கு வைத்திருப்பவர் இருநூறு மீற்றருக்கு அப்பால் நின்றும் சுடலாம். வில்லாளரோ பெரும்பாலும் இருபது முப்பது மீற்றருக்குள் மான் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் அவர் இருப்பதை அது அறியாமலே, இயல்பாக நடந்து வர வேண்டும். மாலை மங்கலில், மூடுபனிக்குள், பெருவிலையில்லாத லென்சை வைத்துக்கொண்டு மரையைப் படமெடுக்க நினைப்பவருக்கும் ஏறக்குறைய அந்தத் தூரமே தேவை. எனவே வில்லாளர்கள் பல தலைமுறைகளாகச் சேர்த்து வைத்திருக்கும் அறிவு, ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் நமக்குப் பயன்படும். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியால் கொன்றார். ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள நீர்வீழ்ச்சி ஒன்று இன்றும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. நாய்களைக் கொண்டு துரத்துபவருக்கு உட்காரும் இடம் ஒரு பொருட்டே அல்ல. காத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய பொருள் வேறில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானோர் குளம்படிகளைத் தேடுகிறார்கள். நான் காற்றைத் தேடச் சொல்வேன். மரையின் கண்ணை ஏமாற்றலாம். அசையாமல் இருந்தால் அது உங்களை ஒரு மரக்கட்டையாக எண்ணிக்கொள்ளும். காதையும் ஓரளவு ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்ற முடியாது. தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய், சவர்க்காரம், வாயில் மென்ற வெற்றிலை, அடுப்புப் புகை படிந்த சட்டை எல்லாமே அதற்குத் தெரியும். 1911இல் கலிபோர்னியாவில், தன் இனத்தவர் எவரும் எஞ்சாத நிலையில், காட்டிலிருந்து தனியாக வெளிவந்த யாஹி இனத்தவரான இஷியிடம் சக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் வில்வித்தை கற்றார். வேட்டைக்கு முந்திய நாள் இஷி மீன் உண்ணமாட்டார், புகைபிடிக்கமாட்டார், விடியற்காலையில் ஓடையில் குளித்து மணமுள்ள இலைகளை உடலில் தேய்த்துக்கொள்வார் என்று அந்த மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அத்தனை தூய்மைக்குப் பிறகும் காற்றுக்கு எதிர்ப்புறமாகவே அவர் விலங்கை நெருங்கினார். குளிப்பது நல்லது, ஆனால் காற்றின் திசை தவறினால் குளித்ததனால் பயனில்லை.

மலைநாட்டில் காற்றுக்கு ஒரு நாளில் இரு திசைகள் உண்டு. வெயில் சரிவைச் சூடாக்கத் தொடங்கியதும் காற்று பள்ளத்திலிருந்து மேலேறுகிறது. மாலையில் சரிவு குளிர்ந்ததும் அதே காற்று பள்ளத்தை நோக்கி வடிகிறது. இதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். மாலை ஐந்தரை மணிக்கு லயங்களின் கூரைமேல் எழும் அடுப்புப் புகையைப் பாருங்கள்: காலை ஒன்பது மணிக்குச் சரிவோடு ஏறிய புகை, இப்போது கூரையை விட்டு எழும்பாமல் ஓடையின் பக்கமாகச் சரிந்து படுத்திருக்கும். மூடுபனியும் அவ்வாறே வழி காட்டும். உங்கள் இடத்தில் உட்கார்ந்த பிறகு இலவம் பஞ்சில் ஒரு சிறு துணுக்கைப் பிய்த்துக் காற்றில் விடுங்கள். சிலர் இதற்காகத் தூவிப் பார்க்கும் மாவுத்தூள் கைக்கு எட்டும் தூரம்வரைதான் திசை சொல்லும். பஞ்சு நாற்பது ஐம்பது மீற்றர் மிதந்து சென்று, எங்கே சுழல்கிறது, எங்கே திடீரெனக் கீழிறங்குகிறது என்பதையும் காட்டிவிடும். அமெரிக்க வில்லாளர்கள் ஒருவகைக் காட்டுச்செடியின் பஞ்சை இதற்காகப் பையில் வைத்திருப்பார்கள். நம் ஊர் இலவம் பஞ்சு அதற்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

இனி உங்கள் சரிவை எண்ணிப் பாருங்கள். மரைகள் பகலில் மேலே காட்டுக்குள் படுத்திருக்கின்றன. மாலையில் தேயிலை மலையைக் கடந்து ஓடைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் இறங்குகின்றன. விடியுமுன் திரும்பி ஏறுகின்றன. நீங்கள் மாலை மூன்று மணிக்குப் போய் அவற்றின் பாதைக்கு நேர் கீழே உட்கார்ந்தால், காற்று இன்னும் மேலேறிக்கொண்டிருப்பதால், இரண்டு மணி நேரம் உங்கள் மணத்தை அவை படுத்திருக்கும் காட்டுக்குள் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள். அவை இறங்கமாட்டா, நீங்களோ காரணம் அறியாமல் வீடு திரும்புவீர்கள். நேர் மேலே உட்கார்ந்தால் மாலையில் வடியும் காற்று உங்கள் மணத்தை அவற்றின் பாதை மேலேயே ஊற்றிவிடும். ஆகவே பாதைக்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். பக்கவாட்டில், அதே உயரத்தில், உங்களுக்கும் பாதைக்கும் இடையில் ஒரு சிறு பள்ளமோ பெரிய கானோ (வடிகாலோ) இருக்கும்படி உட்காருங்கள். ஏறும் காற்றும் இறங்கும் காற்றும் அப்போது பாதையைத் தொடாமலே போய்விடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கிழக்கு நோக்கிய சரிவில் மாலை வெயில் முன்னதாகவே விலகுவதால் அங்கே காற்று முன்னதாகவே வடியத் தொடங்கும். மரைகளும் அந்த நிழலில் சற்று வெளிச்சம் இருக்கும்போதே வெளிப்படும். இரு சரிவுகளுள் ஒன்றைத் தெரிவு செய்ய நேர்ந்தால் மாலைக்குக் கிழக்குச் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். விலங்குகள் மலையைக் கடக்கும் ‘கழுத்து’ப் பகுதி, அதாவது இரு குன்றுகளுக்கு இடையிலுள்ள தாழ்ந்த இடம், வரைபடத்தில் மிக அழகாகத் தோன்றும். ஆனால் அங்கே காற்று நின்று சுழலும். நான் பத்தொன்பது வயதில் அப்படியொரு கழுத்தில், விடியற்காலைக் குளிரில், மிகுந்த நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தேன். ஆறு மரைகள் கீழேயிருந்து ஏறி வந்தன. எண்பது மீற்றர் அளவில் தலைமைப் பெண்மரை நின்று மூக்கை உயர்த்தியது; அடுத்த கணம் மலை முழுவதும் எதிரொலிக்க ஒரு கூச்சல் எழுந்தது, பிறகு வால்கள் மட்டுமே தெரிந்தன. அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று நினைத்தால் அந்தப் பெண்மரைக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

உங்கள் மூன்று நாள்களை எவ்வாறு பங்கிடுவது என்பதையும் சொல்கிறேன். வீட்டிலிருக்கும்போதே கூகுள் ஏர்த் படத்தையும், கிடைத்தால் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தையும் பார்த்து, காடு ஒடுங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டு தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடையோரமாக இறங்கும் மெல்லிய காட்டுப் பட்டை, பத்தனாப் புல்வெளி காட்டைத் தொடும் மூலை, ஓடையைக் கடக்கக்கூடிய தட்டையான இடம். முதல் நாள் மாலை காட்டோரத்துக்குப் போகவே கூடாது. எதிர்ச்சரிவில், வீதியோரமாகவோ பங்களா முற்றத்திலோ உட்கார்ந்து, தொலைநோக்கியால் நான்கு மணியிலிருந்து இருட்டும்வரை பாருங்கள். எந்த மூலையிலிருந்து வெளிப்படுகின்றன, எத்தனை மணிக்கு, வெளிப்பட்டதும் எத்திசையில் நடக்கின்றன என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு நாளை வீணாக்குவதுபோல் தோன்றும். கால்தடம் பதிக்காமல் பெறும் அறிவு அந்த ஒன்றுதான். மற்ற இரண்டு நாள்களும் அதைச் சார்ந்தே இருக்கின்றன. இரண்டாம் நாள் நண்பகலில், அவை படுத்திருக்கும் நேரத்தில், ஒருமுறை மட்டும் போய் இடத்தை உறுதி செய்து, மாலையில் உட்காருங்கள். மூன்றாம் நாள், இரண்டாம் நாளின் படிப்பினையைக் கொண்டு இருபது முப்பது மீற்றர் இடம் மாறுங்கள், அல்லது முற்றிலும் வேறிடத்துக்குப் போங்கள்.

ஒன்ராறியோவில் சூரியன் மறைந்து அரை மணி நேரம்வரை வேட்டைக்கு அனுமதி உண்டு. அங்கே அந்தி நீளமானது. நம் நாட்டில் சூரியன் மறைந்து இருபது நிமிடங்களில் இருள் கவிந்துவிடும். எனவே உங்களுடைய பொன்னான நேரம் மிகக் குறுகியது. விலங்கு புல்வெளிக்கு வந்து சேரும் இடத்தில் அல்லாமல், காட்டை விட்டு முதலில் தலைநீட்டும் இடத்துக்கு அருகே இருப்பதுதான் பொருத்தம்.

தோட்ட நிருவாகத்திடம் அனுமதி பெறுங்கள். உங்கள் காட்டுத்துண்டு சிவனொளிபாதமலைச் சரணாலயத்தின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் இந்த முறை எதுவும் செல்லாது. அங்கே நடைபாதையை விட்டு விலகக் கூடாது. ஹக்கலைக் கடும் இயற்கை ஒதுக்ககத்துக்குள் பொதுமக்கள் நுழையவே கூடாது. கடைசியாக ஒன்று: லயத்து நாய் உங்களைப் பின்தொடர்ந்து வராதபடி கட்டி வைக்கச் சொல்லுங்கள். நாயோடு போனவர் மரையைக் காணமாட்டார். அந்த நாயைச் சிறுத்தை கண்டுவிடும்.

கேள்வி: எங்கள் மரக்கறித் தோட்டத்துக்கு மேலே ஒரு சேற்றுக்குழி இருக்கிறது. சுற்றிலும் எண்ணற்ற குளம்படிகள். அதற்குப் பத்து மீற்றர் அருகில் பற்றைக்குள் மூன்று மாலைகள் உட்கார்ந்தேன். எதுவுமே வரவில்லை, ஆனால் ஒவ்வொரு காலையும் புதிய தடங்கள் இருந்தன. என்ன பிழை?
– வாசகி, பண்டாரவளை

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. அவை இரவில்தான் அந்தக் குழிக்கு வருகின்றன. தடம் நிறைந்த இடம் விலங்கு வந்து போன இடம் என்பது மெய். வெளிச்சத்தில் வரும் இடம் என்பது அதனால் உறுதியாகாது. புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் இங்கேதான் இடறுகிறார்கள், நானும் பல ஆண்டுகள் இடறினேன்.

தடத்தின் வயதைப் படிக்க நம் மழை நன்றாக உதவும். முந்திய நாள் மாலை ஐந்து மணிக்கு மழை விட்டது என்று வைத்துக்கொள்வோம். குளம்படிக்குள் மழைத்துளி குத்திய சிறு புள்ளிகள் இருந்தால் அது மழைக்கு முந்தியது. புள்ளியின்றி விளிம்பு கூர்மையாக நின்றால் இரவுக்குரியது. அருகிலுள்ள புல்லில் பனித்துளிகள் உதிர்ந்து ஒரு கோடுபோல் கருத்துக் கிடந்தால், பனி இறங்கிய பின், விடியலுக்கு அண்மையில் நடந்திருக்கிறது. புழுக்கையின் மேல் ஈரப் பளபளப்பு வெயிலேறும்வரைதான் நிற்கும். குழியைச் சுற்றியுள்ள செடிகளிலும் மரத்தண்டுகளிலும் சேறு பூசப்பட்டிருக்கும் உயரத்தையும் பாருங்கள்: முழங்காலளவில் இருந்தால் பன்றி, உங்கள் இடுப்புக்கு மேல், நெஞ்சளவுக்கு ஏறியிருந்தால் மரை. இரண்டும் இருந்தால் பன்றிக்கூட்டம் வரும் இரவில் மரை ஒதுங்கி நிற்பதும் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். நண்பகலில், சரிவோடு ஏறும் காற்று உங்கள் மணத்தை அவை படுத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லாதபடி வழியமைத்துக்கொண்டு, குழியிலிருந்து காட்டை நோக்கிச் செல்லும் தடத்தை நூறு நூற்றைம்பது மீற்றர் பின்தொடருங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். படுக்கையிடத்துக்குள் நுழைந்துவிட்டால் அவை சில நாள்களுக்கு அந்தப் பக்கமே தலைகாட்டமாட்டா. ஓரிடத்தில் இரண்டு மூன்று சிறு தடங்கள் கூடி ஒன்றாகும். அங்கே இலைகள் கடிபட்டிருக்கும், மரப்பட்டை கொம்பால் உரசப்பட்டிருக்கும், ஒரே இடத்தில் நின்று நின்று மண் மிதிபட்டிருக்கும். மரைகள் வெளியே வருமுன் இருட்டுக்காகத் தயங்கி நிற்கும் இடம் அது. வெள்ளைவால் மானுக்கும் இதே பழக்கம் இருப்பதால்தான் அனுபவமுள்ள வில்லாளர்கள் சோளக்கொல்லையின் விளிம்பில் உட்காராமல், அதற்கு உள்ளே காட்டில் உட்காருகிறார்கள். அந்தக் கூடுமிடத்துக்குப் பக்கவாட்டில் முப்பது மீற்றர் தள்ளி உட்காருங்கள். உங்கள் குழியில் இரவு எட்டு மணிக்குத் தோன்றும் விலங்கு, இங்கே ஐந்தே முக்காலுக்குத் தோன்றக்கூடும்.

மூன்று மாலைகள் ஒரே பற்றையில் உட்கார்ந்ததும் இன்னொரு பிழை. எந்த இடமும் முதல் முறை உட்காரும்போதுதான் முழுமையாக நல்ல இடம். நீங்கள் எழுந்து போன பிறகும் உங்கள் மணம் புல்லில் மணிக்கணக்காகத் தங்குகிறது. இரவில் வந்த மரை அதை முகர்ந்து உங்களைப் பற்றி அறிந்துகொள்கிறது. மூன்று மாலைகளுக்கு இரண்டு இடங்களேனும் கையிலிருக்க வேண்டும்.

கேள்வி: மரத்தில் பரண் கட்டி உட்காருவது நல்லதா, தரையில் மறைந்திருப்பது நல்லதா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வட அமெரிக்காவில் தட்டையான காடுகள் மிகுதி. அங்கே ஐந்தாறு மீற்றர் உயரத்தில் உட்கார்ந்தால் பார்வை விரியும், மான் மேலே பார்ப்பது குறைவு, மணமும் சற்றேனும் தலைக்கு மேலாகப் போகும். நம் மலைச்சரிவில் மரத்தில் ஏறினால், மேலே நிற்கும் விலங்கின் கண்ணுக்கு நேராக, வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நீங்கள் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். சரிவே உங்களுக்குத் தேவையான உயரத்தைத் தருகிறது. மேலும், மர இருக்கையிலிருந்து விழுவதுதான் அந்நாட்டு வேட்டைக்காரர்களுக்கு நேரும் கடுமையான காயங்களுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதனால்தான் ஏறத் தொடங்கும் கணத்திலிருந்து உடல் முழுவதும் அணியும் பாதுகாப்புப் பட்டியை மரத்தோடு பிணைத்திருக்க வேண்டும் என்று அங்கே திரும்பத் திரும்பக் கற்பிக்கிறார்கள். பாசி படிந்து வழுக்கும் நம் மரங்களில், அந்தப் பட்டியும் இல்லாமல், கயிற்றை நம்பி ஏறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். ஆணியடிப்பதும் கிளை வெட்டுவதும் மரத்துக்கும் கேடு. காட்டு மரமாக இருந்தால் சட்டப்படியும் குற்றம்.

பரண் நம் மரபுக்குப் புதிதல்ல. குறிஞ்சி நிலத்தார் தினைப்புனத்தில் இதணம் கட்டிக் காவல் இருந்தார்கள். கதிர்காமத்து வள்ளி கவண் எறிந்து கிளியோட்டியதும் அப்படியொரு பரணிலிருந்துதான். ஆனால் அந்தப் பரணின் நோக்கம் விலங்கு தன்னைக் கண்டு விலகிப் போக வேண்டும் என்பது. நமது நோக்கம் அதற்கு நேர்மாறானது. உங்கள் பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் கைவிடப்பட்ட காவல் குடில் ஏதேனும் இருந்தால், உரிமையாளரிடம் கேட்டு அதைப் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கும் குடிலை விலங்குகள் மலையின் ஒரு பகுதியாகவே கருதத் தொடங்கிவிடுகின்றன, நீங்கள் புதிதாக எழுப்பும் எதையும் அவை சந்தேகிக்கும்.

தரையில் உட்காருவதாயின் உங்கள் தோளைவிட அகன்ற மரத்தையோ பாறையையோ முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் மறைப்பதைவிடப் பின்னால் மறைப்பதே முக்கியம்; உடலின் கோடு பின்னணியில் கரைந்துவிட்டால் போதும். உதிர்ந்த கிளைகளையும் காய்ந்த மானாப்புல்லையும் முழங்காலளவுக்குச் சாய்த்து வைத்தால் கையசைவு தெரியாது. நைலோன் மழையங்கி ஒவ்வோர் அசைவிலும் சரசரக்கும். நம் முன்னோர் மழையிலும் பனியிலும் போர்த்திக்கொண்டு மலைக்குப் போன கம்பளி எந்த ஓசையும் எழுப்பாது. இந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த உடையை நான் கண்டதில்லை. அட்டைக்கு நீண்ட காலுறையும் சவர்க்காரமும் போதும், ஆனால் மணமற்ற சவர்க்காரமாக இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன், தலைக்கு மேலே பாருங்கள். குளவிக்கூடு இருக்கும் மரத்தடியில் எவ்வளவு நல்ல இடம் அமைந்தாலும் அது இடமல்ல. தேயிலை மலையில் குளவி கொட்டி உயிரிழந்தவர்களின் செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். அசையாமல் மணிக்கணக்கில் உட்காரப் போகிறவர், உட்காருமுன் ஐந்து நிமிடம் மரங்களையும் பாறை இடுக்குகளையும் அண்ணாந்து பார்ப்பது கட்டாயம்.

கேள்வி: எந்த மாதத்தில் விடுப்பெடுப்பது நல்லது?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: நுவரெலியா, ஹட்டன் பக்கத்தவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. வானம் தெளிந்திருக்கும், சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும், காற்று நான் மேலே சொன்ன ஒழுங்கில் ஏறி இறங்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். உங்கள் ஊவாப் பக்கத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வறண்ட மாதங்கள்; ஆனால் கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும். கச்சான் வலுக்கும் நாளில் விலங்குகள் எதையும் தெளிவாகக் கேட்க முடியாமல் பதற்றத்தோடு இருக்கும், மேட்டில் நிற்கமாட்டா. அப்படிப்பட்ட நாளில் காற்று படாத மறுசரிவின் பள்ளத்தில் உட்காருங்கள்.

கேள்வி: நானும் என் தம்பியும் விடுப்பில் ஊருக்கு வந்தபோது, படமெடுக்க இடம் தேடிக் காட்டோரமாகப் போனோம். ஓடையோரத்தில் ஒடுக்கமான பாதை ஒன்றைக் கண்டு, இதுவே சரியான இடம் என்று மகிழ்ந்தோம். அங்கே தரையோடு தரையாக இரண்டு கம்பிச் சுருக்குகள் இருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிவிட்டோம். நாங்கள் செய்தது சரியா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: தம்பிமாரே, நீங்கள் அதைத் தொடாமல் திரும்பியதில் பிழையில்லை, எவருக்கும் சொல்லாமல் விட்டிருந்தால் மட்டுமே பிழை. இந்தக் கடிதம் கிடைத்ததும் என் மனம் கனத்துவிட்டது, ஏனெனில் நீங்கள் சரியான இடம் என்று கண்டுகொண்ட அதே காரணங்களுக்காகவே இன்னொருவரும் அதைச் சரியான இடம் என்று கண்டிருக்கிறார். காடு ஒடுங்கும் இடம், ஓடையைக் கடக்கும் இடம், தடங்கள் கூடும் இடம்: இவற்றை அறிந்தவர் அங்கே கமராவையும் வைக்கலாம், கம்பியையும் வைக்கலாம்.

சுருக்கு வைப்பவர்களில் பலர் பன்றிக்காகவே வைப்பதாகச் சொல்வார்கள். பன்றியால் கிழங்கும் கோவாவும் அழிந்து, கடன்பட்டுப் போட்ட முதலீட்டை ஒரே இரவில் இழக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த வேதனையை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கம்பிக்கு எந்த விலங்கு என்று தெரியாது. அதே பாதையில் மரை வரும், கேளையாடு வரும், அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். 2020 மே மாதத்தில் உங்கள் பக்கத்து நல்லதண்ணியில், தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையை மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டு சென்றார்கள். சில நாள்களில் அது இறந்துபோனது. கறுப்பு நிறச் சிறுத்தை இத்தீவில் மிக அரிது. கழுத்திலோ இடுப்பிலோ இறுகிய கம்பியோடு விலங்கு எவ்வளவு போராடுகிறதோ அவ்வளவுக்கு அது உள்ளே வெட்டிச் செல்கிறது. வெளியே தெரியும் காயத்தைவிட உள்ளே நேர்ந்த சேதம் பெரிது. அதனால்தான் உயிரோடு மீட்கப்பட்டவையும் பல வேளைகளில் பிழைப்பதில்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது இதுதான். சுருக்குகளைத் தூரத்திலிருந்து படமெடுத்து, இடத்தைக் கைத்தொலைபேசியின் வரைபடத்தில் குறித்து, அருகிலுள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவியுங்கள். தோட்ட நிருவாகத்துக்கும் சொல்லுங்கள். வைத்தவர் யாரென்று ஊருக்குள் விசாரிக்காதீர்கள், பெயர் சொல்லிப் பகை தேடிக்கொள்ளாதீர்கள். ஒன்றைக் கண்ட இடத்தில் பெரும்பாலும் இன்னும் பல இருக்கும். ஆகவே அதே பாதையில் மேலே நடந்து தேட வேண்டாம், உங்கள் காலும் அதில் சிக்கலாம். உயிருள்ள விலங்கு சிக்கியிருப்பதைக் கண்டால், அது மரையாக இருந்தாலும், அருகே போகாதீர்கள். சிறுத்தையாக இருந்தால் செய்தி பரவி ஊரே கூடிவிடும். கூட்டத்தின் இரைச்சலில் அது மேலும் திமிறும், கம்பி மேலும் இறுகும், சில வேளை அறுந்தும் போகும். மக்களை இருநூறு மீற்றருக்கு அப்பால் நிறுத்தி, நாய்களைப் பிடித்து வைத்து, மிருக வைத்தியர் வரும்வரை அமைதி காக்கச் செய்வதே அந்த உயிருக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி. இதற்குத் தோட்டத்து இளைஞர்கள் நான்கைந்து பேர் முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நல்லது.

அந்த இடத்தில் நீங்கள் உட்காரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். அதிகாரிகள் வந்து கம்பிகளை அகற்றி, அந்த ஓடையோரம் முழுவதையும் சோதித்து முடித்தார்கள் என்று உறுதியாகத் தெரியும்வரை உட்கார வேண்டாம். அதுவரை எதிர்ச்சரிவிலிருந்து தொலைநோக்கியால் பாருங்கள். யார் அந்தப் பாதைக்கு வந்து போகிறார்கள் என்பதும் அங்கிருந்து தெரியும்; தெரிந்தால் அதையும் நேரத்தோடு குறித்து அலுவலகத்தில் கொடுங்கள்.